ஒருவர் செவிக்கு மட்டும் ஓர் ஒலி

ஒரு காரியம் பிறர் அறியாமல் முடிந்துவிட்டால், ‘காதும் காதும் வைத்தாற்போல’ முடிந்தது என்று சொல்வது தமிழ் வழக்கு. ஒருவருக்கு மட்டும் உரிய செய்தியைச் சொல்வதற்கு வாய் காதை நெருங்கியாக வேண்டும் என்னும் அனுபவ உண்மை இவ்வழக்கில் அடங்கியிருக்கிறது. கடிதத்துக்கு உறை உண்டு. பணத்துக்குப் பெட்டி உண்டு. பேச்சுக்கு அவ்வாறான மறைப்பு எதுவும் இல்லை. வாயை விட்டு நீங்கிய சொல், கேட்க வேண்டியவர் யார், கேட்கக் கூடாதவர் யார் என்று பார்ப்பதில்லை. எட்டும் தூரத்தில் உள்ள எல்லாச் செவிகளுக்கும் அது பொதுவாகிவிடுகிறது.

இப்பொதுமை சில வேளைகளில் மனிதரின் மானத்தையே தொடுவதாகும். வைத்தியசாலையின் பொது விடுதி ஒன்றில், செவிப்புலன் மங்கிய முதியவர் ஒருவர் படுத்திருக்கிறார் என்று கொள்வோம். அவருடைய நோயின் தன்மையை வைத்தியர் உரத்த குரலிற் சொல்ல வேண்டியிருக்கிறது. முதியவர் அதனைக் கேட்டு விளங்கிக்கொள்வதற்குள், இரு பக்கத்துக் கட்டில்களில் இருப்பவர்களும், அவர்களைப் பார்க்க வந்தவர்களும் அதனை அறிந்துவிடுகின்றனர். பார்வையற்ற ஒருவர் வங்கியின் பணம் வழங்கும் இயந்திரத்தின் முன்னே நிற்கிறார். அவருடைய இருப்பு எவ்வளவு என்பதை இயந்திரம் வாய்விட்டுச் சொல்லுமாயின், அவர் பின்னால் வரிசையில் நிற்போர் அனைவருக்கும் அது தெரிந்துவிடும். சொல்லாது விடின் அவருக்கு அந்த இயந்திரத்தாற் பயன் இல்லை.

‘ஹெட்போன்’ எனப்படும் செவிக்கருவி இருக்கும்போது இதற்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அக்கருவி பல இடங்களில் உதவுகிறது என்பது உண்மையே. ஆயினும், தலையிலே கட்டுப்போட்டிருக்கும் நோயாளி அதனை அணிய இயலாது. நூறு பேர் வந்துபோகும் பொது இடத்தில் ஒரே கருவியை எல்லோரும் காதில் மாட்டுவது சுகாதாரத்துக்கு ஏற்றதன்று. மோட்டார் வண்டி செலுத்துபவர் வீதியின் ஒலிகளைக் கேட்டாக வேண்டும். தொட்டிலிற் குழந்தையைக் கிடத்திவிட்டு வானொலி கேட்கும் தாய், தன் காதுகளை முற்றாக அடைத்துக்கொள்ள ஒருபோதும் இசையாள். ஆகவே, காதை மூடாமலும், காதைத் தொடாமலும், ஒருவருக்கு உரிய ஒலியை அவருக்கு மட்டும் சேர்ப்பிக்கும் ஒலிபெருக்கியை அமைத்தல் இயலுமா என்ற கேள்வி விஞ்ஞானிகளை நெடுங்காலமாக ஈர்த்து வந்திருக்கிறது.

இக்கேள்வி கடினமானதாக இருப்பதற்குக் காரணம் ஒலியின் இயல்பிலேயே இருக்கிறது. இரவிலே மின்சூளைப் பிடித்து ஒரு பொருளின் மீது ஒளியைப் பாய்ச்சலாம். அந்தப் பொருள் மட்டும் தெரியும். அதன் அயலில் உள்ளவை இருளிலேயே கிடக்கும். ஒலியை அவ்வாறு பாய்ச்ச இயலாமைக்குக் காரணம் அதன் அலைநீளமே. காற்றிலே ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்கிறது. ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையே மீடிறன் எனப்படும். செக்கனுக்கு 100 அதிர்வுகள் கொண்ட தடித்த ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர்; 1,000 அதிர்வுகள் கொண்ட ஒலிக்கு அது 34 சதமமீற்றர்; 10,000 அதிர்வுகள் கொண்ட கூரிய ஒலிக்கு 3.4 சதமமீற்றர். ஒளியின் அலைநீளமோ மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிது.

அலையைப் பிறப்பிக்கும் பொருள் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரிதாக இருந்தால், அலை நேர்கோட்டில் ஒடுங்கிச் செல்லும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவினவாக இருந்தால், அலை எத்திசையிலும் பரவும். இதுவே அலைகளுக்குப் பொதுவான விதி. மின்சூளின் வாய் ஒளியின் அலைநீளத்தைப்போலப் பல்லாயிரம் மடங்கு பெரிது. ஆதலால் ஒளி ஒடுங்கிப் பாய்கிறது. உள்ளங்கையளவு ஒலிபெருக்கியோ மனிதக் குரலின் பெரும் பகுதியின் அலைநீளத்தைவிடச் சிறிது. ஆதலால் ஒலி அறை முழுவதும் நிறைகிறது. திருவிழா ஊர்வலம் அடுத்த தெருவில் வரும்போது, தவிலின் கனத்த முழக்கம் வீடுகளைச் சுற்றி வளைந்து முதலில் வந்து சேர்கிறது. தாளத்தின் கூரிய ஓசை, ஊர்வலம் முடுக்கிலே திரும்பிக் கண்ணுக்குத் தெரியும்போதே தெளிவாகக் கேட்கிறது. தடித்த ஒலி எளிதில் வளையும். கூரிய ஒலி அவ்வளவாக வளையாது. இந்த வேறுபாடு பின்னர் மிகவும் பயன்படப்போவதாதலால் நினைவில் வைத்திருத்தற்குரியது.

ஒலியைத் தனிமைப்படுத்துவதற்குரிய முதல் வழி, மக்கள் வழக்கிற் கண்ட பழைய வழியே, அதாவது அண்மை. சிறிய ஒலிபெருக்கி ஒன்றைக் காதிலிருந்து 10 சதமமீற்றர் தூரத்தில், நாற்காலியின் தலையணையிற் பொருத்திவைத்தால், அது மிகமெல்லப் பேசினாலும் போதும். திறந்த வெளியிலே தூரம் பத்து மடங்கானால் ஒலியின் செறிவு நூறில் ஒரு பங்காகக் குறையும். ஒலியளவைக் குறிக்கும் தெசிபெல் கணக்கிலே இது 20 தெசிபெல் குறைவாகும். காதருகில் 60 தெசிபெல், அதாவது சாதாரண உரையாடலின் அளவு கேட்குமாயின், ஒரு மீற்றர் அப்பால் இருப்பவருக்கு 40 தெசிபெல்லே கேட்கும். அமைதியான நூலகத்தில் நிலவும் அரவம் அவ்வளவே. சில மோட்டார் வண்டிகளின் இருக்கைகளிலே தலைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிகளை அமைத்திருப்பது இக்கணக்கை நம்பியே ஆகும்.

இவ்வண்மையோடு இன்னோர் உபாயத்தையும் சேர்ப்பதுண்டு. அருகருகே இரண்டு ஒலிவாய்களை அமைத்து, ஒன்று காற்றை முன்னே தள்ளும் கணத்தில் மற்றது அதனைப் பின்னே இழுக்குமாறு செய்வர். காது அவற்றுள் ஒன்றுக்கு மிக அண்மையில் இருப்பதால் அதன் ஒலியே மேலோங்கிக் கேட்கும். தூரத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஏறத்தாழச் சமதூரத்தில் உள்ளன. ஒன்றின் தள்ளலும் மற்றதன் இழுப்பும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மூக்குக்கண்ணாடியின் தண்டிலே சிறு ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, காதை அடைக்காமற் கேட்கச் செய்யும் கருவிகள் சில இத்தத்துவத்தைப் பயன்படுத்துகின்றன. தடித்த ஒலிகளை இது நன்கு மறைக்கும். அலைநீளம் குறைந்து, இரண்டு வாய்களின் இடைவெளியை அண்மிக்கும்போது மட்டும் இதன் ஆற்றல் தளர்ந்துவிடும்.

அண்மையிற் கருவியை வைக்க இயலாத இடத்துக்கு இரண்டாவது வழி ஒன்று வகுக்கப்பட்டது. ஒரே ஒலிபெருக்கிக்குப் பதிலாகப் பல ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் ஒலியை வெளியிடும் நேரத்தையும் வலிமையையும் நுட்பமாகக் கணித்துத் திருத்துவதே அது. ஓரிடத்தில் அலைகளின் முடிகள் ஒன்றுசேர்ந்தால் ஒலி ஓங்கும். ஒன்றின் முடியும் மற்றதன் தாழியும் சேர்ந்தால் ஒலி அடங்கும். இதனை அலைகளின் தலையீடு என்பர். ஓர் ஒலியை எதிரொத்த இன்னோர் ஒலியால் அழிக்கலாம் என்னும் எண்ணத்துக்கு, ஜெர்மானியரான பவுல் லூக் என்பவர் 1936ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதனைச் செய்துமுடிப்பதற்கு வேண்டிய விரைவான கணிப்பு வசதி அவர் காலத்தில் இருக்கவில்லை. கணினி வந்த பின்னரே அவ்வெண்ணம் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே அறையில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு ஒலிப் பிரதேசம் அமைத்தல் பற்றித் துரூய்வெஸ்டெய்ன், காராஸ் என்னும் இருவர் 1997ஆம் ஆண்டிலே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கேட்க வேண்டிய இடத்துக்கும் கேட்கக் கூடாத இடத்துக்கும் உள்ள ஒலி வேறுபாட்டை எவ்வாறு மிகக் கூட்டலாம் என்பதற்குச் சோய், கிம் என்னும் கொரிய ஆய்வாளர் 2002ஆம் ஆண்டிலே கணித முறை ஒன்றை வகுத்தனர்.

இம்முறையின் பலவீனமும் அதன் நுட்பத்திலேயே இருக்கிறது. கணிதம் ஓரிடத்தைக் குறித்துச் செய்யப்படுகிறது. மனிதரோ அந்த இடத்தில் அசையாது இருப்பதில்லை. செக்கனுக்கு 3,000 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 11 சதமமீற்றர். கேட்பவர் தலையைச் சற்றே திருப்பினாலும் முடியும் தாழியும் இடம் மாறிவிடும். அன்றியும், சுவரும் கூரையும் மேசையும் ஒலியைத் தெறிக்கச் செய்கின்றன. அழிந்துவிட்டது என்று கருதிய ஒலி, வேறொரு வழியாகச் சுற்றிவந்து அயலாரின் காதை அடைகிறது. ஆகவே, இருக்கைகள் நிலையாக உள்ள மோட்டார் வண்டி போன்ற இடங்களிலேயே இம்முறை கூடிய பயன் தருகிறது.

மூன்றாவது வழி இவை இரண்டினும் வியப்பானது. ஒலியை ஒளியைப் போலவே ஒடுக்கிப் பாய்ச்சுவது அது. செக்கனுக்கு 1,000 அதிர்வுகள் கொண்ட ஒலியைச் சில பாகை அகலமுள்ள கற்றையாகப் பாய்ச்ச வேண்டுமாயின், அலைநீளத்தைப்போல 40 மடங்கு, அதாவது 13 மீற்றருக்கும் மேற்பட்ட அகலமுள்ள ஒலிபெருக்கி வேண்டும். அது ஒரு வீட்டின் முகப்பினும் அகலமானது. ஆனால் செக்கனுக்கு 40,000 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம் எட்டரை மில்லிமீற்றர் மட்டுமே. அதனை அதேயளவு ஒடுங்கிய கற்றையாகப் பாய்ச்சுவதற்கு 34 சதமமீற்றர் அகலமுள்ள ஒரு தட்டுப் போதும். இடர் யாதெனின், மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட எதனையும் கேட்பதில்லை. கேட்கும் ஒலி ஒடுங்காது. ஒடுங்கும் ஒலி கேளாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவின் பிறவுண் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் பீற்றர் வெஸ்டர்வெல்ற். கடலின் அடியில் ஒலியை ஒடுக்கிச் செலுத்துதற்குரிய தத்துவமாக அவர் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இத்துறைக்கு அத்திவாரமாயிற்று.

அத்தத்துவம் பின்வருமாறு. மெல்லிய ஒலியைக் காற்று உள்ளவாறே சுமந்து செல்கிறது. ஆனால் ஒலி மிக வலிதாக இருக்குமிடத்து, காற்று அத்துணை நேர்மையான தூதுவன் அன்று. அலையின் முடியிலே காற்று நெருக்கப்பட்டுச் சிறிது சூடேறுகிறது. அங்கே அலை சற்று விரைந்து செல்கிறது. தாழியிலே சற்றுப் பிந்திச் செல்கிறது. இவ்வாறு அலையின் உருவம் வழியிலேயே திரிந்துவிடுகிறது. 40,000 அதிர்வுகள் கொண்ட கழியொலியும் 41,000 அதிர்வுகள் கொண்ட கழியொலியும் ஒரே கற்றையில் வலிமையுடன் செல்லுமாயின், இத்திரிபின் விளைவாக அவற்றின் வித்தியாசமான 1,000 அதிர்வுகள் கொண்ட புதியதோர் ஒலி காற்றிலேயே பிறக்கிறது. அது செவிக்குக் கேட்கும் ஒலி.

வானொலியின் இயக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மத்திய அலை ஒலிபரப்பிலே, பேசுபவரின் குரல் உயர் மீடிறனுள்ள காவி அலையின் மீது ஏற்றி அனுப்பப்படுகிறது. வீட்டிலுள்ள வானொலிப் பெட்டி அக்குரலைக் காவியிலிருந்து பிரித்துத் தருகிறது. இங்கும் குரல் கழியொலி என்னும் காவியின் மீது ஏற்றப்படுகிறது. அதனைப் பிரித்தெடுப்பதற்குப் பெட்டி எதுவும் வேண்டியதில்லை. காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இவ்வாறு பிறந்த ஒலி எத்திசையிலும் சிதறிவிடாதோ என்று ஐயுறலாம். இதற்கும் தத்துவத்திலேயே விடை இருக்கிறது. புதிய ஒலி ஒரு புள்ளியில் மட்டும் பிறப்பதன்று. கற்றை செல்லும் நெடுவழி முழுவதும் பிறந்துகொண்டே செல்கிறது. ஊஞ்சல் ஒவ்வொரு முறை வரும்போதும் தக்க தருணத்தில் ஒருவர் தள்ளினால் அதன் வீச்சு வளர்ந்துகொண்டே போவதுபோல, முன்னோக்கிச் செல்லும் ஒலிக்கு வழியிலுள்ள ஒவ்வொரு துளிக் காற்றும் தக்க கணத்தில் வலிமை சேர்க்கிறது. பக்கவாட்டிற் செல்லும் ஒலிக்கு அத்தருணப் பொருத்தம் இல்லை. அங்கே அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆகவே, பிறந்த ஒலியும் தாயான கழியொலியைப் போலவே ஒடுங்கிச் செல்கிறது. பல மீற்றர் நீளமுள்ள ஒலிபெருக்கி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் வெறும் காற்றிலே கட்டப்பட்டுவிட்டது எனலாம்.

காற்றிலே இத்தத்துவம் செயற்படும் என்பதைப் பெனெற், பிளாக்ஸ்ரொக் என்னும் இருவர் 1975ஆம் ஆண்டிலே பரிசோதனையால் நிறுவினர். 1983ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் மசாகிடே யொனேயாமாவும் அவருடைய குழுவினரும், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிறு கழியொலிப் பிறப்பாக்கிகளை ஒரே தட்டில் அடுக்கி, பேச்சையும் இசையையும் ஒடுங்கிய கற்றையாக வெளியிட்டனர். மேடையில் ஒருவர் மீது மட்டும் விழும் ஒளிக்கற்றையை நினைவூட்டுமாறு அதற்குப் பெயரும் இட்டனர். அவர்களுடைய கருவியில் ஒலி பெரிதும் திரிந்து கேட்டது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே ஜோசப் பொம்பேய் என்பவர் 1990களின் பிற்பகுதியிற் செய்த ஆய்வுகள், அத்திரிபை முன்கூட்டியே கணித்துக் குரலைத் திருத்தி அனுப்புவதன் மூலம் அதனைப் பெரிதும் குறைத்தன. பின்னர் இத்தகைய கருவிகள் நூதனசாலைகளில் இடம்பெற்றன. ஓவியம் ஒன்றின் முன்னே நிற்பவருக்கு அதன் விளக்கம் கேட்கும். இரண்டு அடி விலகினால் அமைதி.

ஆயினும், இக்கருவியை மந்திரக்கோல் என்று எண்ணிவிடலாகாது. முதலாவதாக, தடித்த ஒலியை இது நன்கு பிறப்பிப்பதில்லை. பிறக்கும் ஒலியின் அமுக்கம் மீடிறனின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், மீடிறன் பாதியானால் ஒலியின் அமுக்கம் நாலில் ஒன்றாகிவிடும். மிருதங்கத்தின் தொப்பி ஒலியை இதனூடாகக் கேட்பவர் ஏமாற்றம் அடைவார். இரண்டாவதாக, கற்றையானது கேட்பவரின் காதோடு நின்றுவிடுவதில்லை. அவருக்குப் பின்னாலுள்ள வெற்றுச் சுவரிலே பட்டு, கண்ணாடியிலே பட்ட ஒளிபோலத் தெறித்து, வேறொருவரின் காதை அடையலாம். ஆதலால், கருவியை எங்கே வைப்பது என்பதைவிடக் கேட்பவரின் பின்னே என்ன இருக்கிறது என்பதே சில வேளைகளில் முக்கியமாகும். ஒலியை உறிஞ்சும் தடித்த திரைச்சீலை ஒன்று அங்கே வேண்டியிருக்கும். மூன்றாவதாக, கேட்கும் ஒலி சிறிதளவு பிறப்பதற்கும் கேளாத கழியொலி மிக வலிதாக இருக்க வேண்டும். கழியொலி செவிக்குக் கேளாதாயினும், அதனால் உடலுக்குத் தீங்கு இல்லை என்று கொண்டுவிடலாகாது. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சங்கத்தின் குழு ஒன்று 1984ஆம் ஆண்டிலேயே காற்றிற் பரவும் கழியொலிக்கு எல்லைகளைப் பரிந்துரைத்தது. பொதுமக்களுக்கு விதித்த எல்லை தொழிலாளருக்கு விதித்ததைவிடக் கடுமையானது. இவ்வகைக் கருவியை அமைப்போர் அத்தகைய எல்லைகளை மனத்தில் வைத்தே வேலையைத் தொடங்குதல் வேண்டும்.

கற்றை செல்லும் வழி முழுவதும் ஒலி கேட்பது இன்னொரு குறை. கேட்பவருக்கு முன்னே குறுக்காக வந்து நிற்பவருக்கும் அது கேட்டுவிடும். இக்குறைக்கு ஒரு பரிகாரத்தை அமெரிக்காவின் பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுன் ஜிங் என்பவரின் குழுவினர் 2025ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். சிறிது வேறுபட்ட மீடிறன்களையுடைய இரண்டு கழியொலிக் கற்றைகளைத் தனித்தனியே அனுப்பி, நுண்ணமைப்புக் கொண்ட வில்லைகளால் அவற்றை வளைந்து செல்லச் செய்து, ஓரிடத்திலே சந்திக்க வைத்தனர். தனித்தனியே எந்தக் கற்றையும் செவிக்குக் கேளாது. அவை சந்திக்கும் அந்தச் சிறு இடத்தில் மட்டும் ஒலி பிறக்கிறது. கற்றைகள் வளைந்து செல்வதால், நடுவில் ஒருவருடைய தலை இருந்தாலும் அதனைச் சுற்றிச் சென்று அப்பாற் சந்திக்கின்றன. ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்திலே சாதாரண உரையாடலின் அளவான 60 தெசிபெல் ஒலியை அவர்கள் பெற்றனர். அது ஆய்வுகூடத்திற் கண்ட முடிபு. ஒலியின் தெளிவும் கழியொலியின் வலிமையும் பற்றிய கேள்விகள் அதற்கும் உண்டு.

இவ்வளவு வழிகளையும் பார்த்த பின்னர், இவற்றுள் எதுவும் முழுமையான தனிமையைத் தருவதில்லையே என்று மனம் சலிக்கலாம். அவ்வாறு சலிப்பதற்கு முன் ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடமிருந்து மறைக்க வேண்டியது யாது? ஒலியையா, அன்றி ஒலியிலுள்ள பொருளையா?

படம், மடம், தடம், கடம் என்னும் நான்கு சொற்களையும் தூரத்திலிருந்து கேட்கும் ஒருவர், ஒவ்வொன்றின் முதலிலும் உள்ள மெய்யொலியைத் தவறவிட்டால், நான்கும் அவருக்கு ஒன்றே. பேச்சின் உரப்பு பெரிதும் உயிரொலிகளில் இருக்கிறது. சொல்லைச் சொல்லிலிருந்து பிரிப்பது பெரிதும் மெய்யொலிகளே. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்திலே ஹார்வி பிளெச்சர் முதலியோர் 1920களிற் செய்த சோதனைகள் இதனை நன்கு காட்டின. பேச்சிலிருந்து செக்கனுக்கு 1,000 அதிர்வுகளுக்குக் குறைந்த பகுதியை நீக்கிவிட்டால், அதன் சக்தியிற் பெரும் பகுதி போய்விடும்; ஆயினும் சொற்களிற் பெரும்பாலானவை விளங்கும். மறுவளமாக, மேற்பகுதியை நீக்கிக் கீழ்ப்பகுதியை மட்டும் விட்டால், குரல் உரத்துக் கேட்கும்; சொற்கள் விளங்குவது அரிதாகும்.

ஒலிபெருக்கி அமைப்பவருக்கு இயற்கை தந்த சலுகை இதுவே. பொருளைச் சுமக்கும் மெய்யொலிகள் கூரிய ஒலிகள். அவற்றை ஒடுக்கிப் பாய்ச்சுதல் எளிது. வளைந்து சிதறி அயலாரை அடையும் தடித்த ஒலிகள் பொருளை அவ்வளவாகச் சுமப்பதில்லை. அயலார் கேட்பது மூடிய கதவுக்கு அப்பால் யாரோ பேசுவதுபோன்ற முணுமுணுப்பு மட்டுமே. அதனையும் மறைக்க வேண்டுமாயின், மின்விசிறியின் இரைச்சல் போன்ற மெல்லிய, மாறாத அரவம் ஒன்றைச் சூழலிற் சேர்த்தாற் போதும். அலுவலகங்கள் சிலவற்றிலே பேச்சின் இரகசியத்தைக் காப்பதற்காக இவ்வாறு செய்வதுண்டு. எனவே, தனிமை என்பது பூரண நிசப்தம் அன்று, கேட்டாலும் விளங்காமையே.

வைத்தியசாலையின் முதியவருக்கு வேண்டியதும் இவ்வளவே. அவருடைய கட்டிலின் தலைமாட்டில், காதுக்கு அண்மையில், குரலின் கூரிய பகுதியைத் தெளிவாகத் தரும் சிறு ஒலிபெருக்கி ஒன்று. அவர் பின்னே ஒலியை உறிஞ்சும் திரை ஒன்று. விடுதியிலே மெல்லிய அரவம். இவை மூன்றும் விலையுயர்ந்த விந்தைகள் அல்ல. கருவி நன்றாக அமைந்திருக்கிறதா என்பதை அறிவதற்குத் தெசிபெல் மானி மட்டும் போதாது. அடுத்த கட்டிலில் ஒருவரை இருத்தி, கேட்ட சொற்களை எழுதித் தருமாறு சொல்ல வேண்டும். அவருடைய தாள் வெறுமையாக இருந்தால் கருவி வெற்றி பெற்றது. அவர் நோயின் பெயரை எழுதிவிட்டால், எவ்வளவு மெல்லிய ஒலியாயினும் அது தோல்வியே.

இக்கலைக்கு மறுபக்கமும் உண்டு. 2007ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நியூயோர்க் நகரத்துத் தெரு ஒன்றில், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான விளம்பரப் பலகையோடு கழியொலிக் கருவி ஒன்றும் பொருத்தப்பட்டது. நடைபாதையில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடந்தவர்களின் காதிலே பெண் ஒருத்தியின் மெல்லிய குரல் ஒலித்தது. அருகில் யாரும் இல்லை. கூட வந்தவருக்கு அது கேட்கவும் இல்லை. சிலர் வியந்தனர், சிலர் அஞ்சினர், கேளாமலே தம் தலைக்குள் புகுந்துவிட்ட குரலென்று சிலர் சினந்தனர். ஒருவருடைய தனிமையைக் காப்பதற்கென்று எண்ணப்பட்ட கருவியே, இன்னொருவருடைய தனிமைக்குள் அனுமதியின்றி நுழைவதற்கும் உதவும் என்பதை அத்தெரு உணர்த்தியது.

கண்ணுக்கு இமை உண்டு. காதுக்குக் கதவு இல்லை. விரும்பாத காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பலாம். விரும்பாத ஒலியிலிருந்து காதைத் திருப்ப இயலாது. ஆகவே, ஒருவர் செவிக்கு மட்டும் ஒலியை அனுப்பும் வல்லமை பெற்றவர் மீது இரட்டைக் கடமை விழுகிறது. அவருக்கு உரியது பிறர் காதிலே விழாதிருக்க வேண்டும். அவர் விரும்பாதது அவர் காதிலே விழாதிருக்க வேண்டும். முன்னையதை அலைநீளமும் கணிதமும் ஓரளவு நிறைவேற்றித் தரும். பின்னையதை நிறைவேற்றுவதற்குக் கருவியில் ஒரு சிறு விசை வேண்டும். அதனை இயக்கும் உரிமை கேட்பவரின் கையிலேயே இருக்க வேண்டும்.